வான்வழித் தூரமும் வந்துசேரும் நேரமும்



தொலைவிலுள்ள இரண்டு நகரங்களுக்கிடையே வான்வழித் தூரம் எவ்வளவு, அதைக் கடக்க எவ்வளவு நேரம் செல்லும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும். இதிலே பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான். ஆனால், அந்தக் கணக்கில் நான் விட்ட ஒரு பிழையினால் ஒரு மகன் தன் தந்தையின் முகத்தைக் கடைசி முறையாகக் காணும் பேற்றினை இழந்தான். அந்தப் பிழை எங்கே நேர்ந்தது என்பதை எடுத்துச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக உள்ள நிலத்தை எங்கள் முன்னோர் எழுவான்கரை என்றார்கள். வாவிக்கு மேற்கே, வயலும் குளமும் காடுமாகப் பரந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றார்கள். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. ஞாயிறு படும் பக்கம் மற்றொன்று. செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளைக்குப் போகும் பெருந்தெருவில், அந்தப் படுவான் திசையில் உள்ள வேளாண்மைக் கிராமம் கரடியனாறு. அங்கே நான் இளம் ஆசிரியனாக இருந்து பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தேன்.

1981ஆம் ஆண்டு மார்கழி மாதம். மழைக்காலம். அவ்வூரில் வேளாண்மை செய்து, தன் ஒரே மகனைப் படிப்பித்து இலண்டனுக்கு அனுப்பிய பெரியவர் ஒருவர், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் காலமானார். மகனுக்குத் தந்தி போயிற்று. புதன்கிழமை காலை ஒன்பது மணியளவில் மறுதந்தி வந்தது. தந்தியிலே சொல்லுக்குச் சொல் காசு அல்லவா? செவ்வாய் மாலை ஆறு மணிக்கு விமானம் புறப்படுகிறது, இடையில் ஓரிடத்தில் தங்கி மொத்தம் பதினான்கு மணித்தியாலப் பயணம் என்ற இரண்டு செய்திகள் மட்டுமே அதில் இருந்தன. தந்தியை வாசித்துச் சொல்ல என்னை அழைத்தார்கள்.

“வாத்தியார், மகன் வந்து சேர எத்தினை மணியாகும்?” என்று அந்தத் தாயார் என்னைக் கேட்டார்.

நான் விரல் விட்டு எண்ணினேன். மாலை ஆறிலிருந்து பதினான்கு மணித்தியாலம் என்றால் காலை எட்டு மணி. கட்டுநாயக்காவிலிருந்து வாடகைக் காரில் கண்டி, மகியங்கனை, மகாஓயா வழியாக வர ஒன்பது மணித்தியாலம். “தம்பி இப்போது இறங்கியிருப்பார், அம்மா. மாலை ஐந்து மணிக்கு இங்கே நிற்பார்” என்றேன். வாத்தியார் சொன்ன கணக்கல்லவா? யாரும் ஐயப்படவில்லை. மாலை ஐந்தரைக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. ஐந்தரை ஆயிற்று, ஆறும் ஆயிற்று. பெரியவர் இறந்து இரண்டாம் நாள், மழையோ விடவில்லை. இருட்டு விழும் நேரத்தில், இனியும் வைத்திருத்தல் தகாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்ல, அடக்கம் செய்து திரும்பினோம். மகன் வந்து இறங்கியது இரவு பதினொன்றரை மணிக்கு.

நேயர்களே, விமானம் தாமதிக்கவில்லை. வழியிலே காரும் பழுதாகவில்லை. தாமதித்தது என் கணக்கு ஒன்றே. அந்தக் கணக்கினை இப்போது ஒவ்வோர் உறுப்பாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது உறுப்பு, தூரம். இலங்கையின் கட்டுநாயக்காவிலிருந்து இலண்டன் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். இது எந்தத் தூரம்? சுவரில் மாட்டிய தேசப்படத்தில் அடிமட்டம் வைத்து அளந்த தூரம் அன்று. பூமி உருண்டை, படமோ தட்டை. உருண்டையின் மேலுள்ள இரண்டு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழியை அறிய வேண்டுமானால், ஒரு புவிக்கோளத்தை எடுத்து, அவ்விரண்டு இடங்களையும் தொடும்படி ஒரு நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் கிடக்கும் வழியே குறுகிய வழி. அதனைப் பெருவட்ட வழி என்பர்.

இந்த நூல் சில வேளைகளில் நம்மை வியப்பில் ஆழ்த்தும். நம்மவர் பலர் வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரை எடுத்துக்கொள்வோம். தேசப்படத்தைப் பார்த்தால், அரபிக் கடலையும் ஆபிரிக்காவையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி மேற்கே மேற்கே போகவேண்டும் என்று தோன்றும். புவிக்கோளத்தில் நூலை இழுத்துப் பாருங்கள். அது இந்தியாவின் மேலாக வடக்கே ஏறி, மத்திய ஆசியாவையும் ரஷ்யாவையும் கடந்து, வட துருவ வட்டத்தினுள் நுழைந்து, கிறீன்லாந்தின் பனிவெளி மீது சென்று, பின்னர் தெற்கே இறங்கி ரொறன்ரோவை அடையும். நீளம் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். வெப்பமே அறிந்த நாட்டிலிருந்து புறப்படும் ஒருவனுக்கு மிகக் குறுகிய வழி உறைபனியின் மேலாகவே அமைந்திருக்கிறது.

ஆனால், நூல் காட்டும் வழியிலெல்லாம் விமானம் பறக்க முடிவதில்லை. கீழேயுள்ள நாடுகளுக்குத் தத்தம் வான்வெளி மீது அதிகாரம் உண்டு. போர் மூண்டால் வானமும் மூடப்படும். 2022ஆம் ஆண்டில் உக்ரேன் போர் தொடங்கிய பின்னர், ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் விமானங்களுக்கு அடைத்தது. அதனால், பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து யப்பானின் தோக்கியோவுக்கு ஒன்பதரை மணித்தியாலமளவில் சென்ற பின்லாந்து விமானங்கள், சுற்றுவழியே பதின்மூன்று மணித்தியாலமளவு பறக்க வேண்டியதாயிற்று. ஹெல்சிங்கி இருந்த இடத்திலேயே இருந்தது, தோக்கியோவும் அசையவில்லை. நேரம் மட்டுமே நீண்டது.

இரண்டாவது உறுப்பு, வேகம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் செல்வது. ஆனால், அந்த வேகம் அதைச் சூழ்ந்துள்ள காற்றைச் சார்ந்த வேகமே அன்றி, தரையைச் சார்ந்த வேகம் அன்று. ஆற்றில் தோணி விடுபவனுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நீரோட்டத்தோடு போகும் தோணி விரைவாகப் போகும்; எதிர்த்து வரும் தோணிக்கு நேரம் செல்லும். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில், நடு அகலக்கோடுகளில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கடுங்காற்றோட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கே வரும் விமானத்தை அது தள்ளிவிடும். மேற்கே போகும் விமானத்தைத் தடுக்கும். ஆகவேதான், கொழும்பிலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாமற் செல்ல ஏறக்குறைய பதினொன்றரை மணித்தியாலமாகும்போது, இலண்டனிலிருந்து வருவதற்குப் பத்தரை முதல் பதினொரு மணித்தியாலம் போதுமாகிறது. போகும் வழியும் வரும் வழியும் தூரத்தால் ஒன்று, காலத்தால் வேறு.

இந்தப் பதினொரு மணித்தியாலம் என்பது மனிதன் எளிதிற் பெற்ற பேறன்று. 1869ஆம் ஆண்டில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னருங்கூட, இங்கிலாந்திலிருந்து கொழும்புக்கு வரும் நீராவிக்கப்பல் மூன்று வாரமளவு கடலிற் கிடந்தது. 1929ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கராச்சிக்கு வான்வழித் தபால் சேவை தொடங்கியபோது, அது சென்று சேர ஏழு நாள் ஆயிற்று. இரவிற் பறப்பதில்லை, பல இடங்களில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும், வழியில் ஒரு பகுதியைப் புகைவண்டியிற் கடக்க வேண்டும்.

நம் இலங்கையோடு தொடர்புடைய வேறொரு பறப்பும் உண்டு. 1942ஆம் ஆண்டு மாசி மாதத்தில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த வான்வழித் தொடர்பு அறுந்தது. அதனை மீண்டும் இணைப்பதற்காக, 1943ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை, குவாண்டாஸ் நிறுவனத்தார் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே கற்றலீனா என்னும் கடல் விமானங்களைச் செலுத்தினார்கள். இடையில் இறங்க ஓர் இடமும் இல்லை. எதிரியின் செவிக்கு எட்டாதிருக்க வானொலித் தொடர்பையும் அடக்கிவிட்டு, விண்மீன்களைப் பார்த்தே திசையறிந்து பறந்தார்கள். எரிபொருளின் பாரத்தினால் மூன்று பயணிகளையும் ஒரு சிறு தபால் மூட்டையையும் மட்டுமே ஏற்ற முடிந்தது. 271 முறை அவ்வழியைக் கடந்தார்கள்; ஒரு விமானமேனும் அழியவில்லை.

அந்த இரண்டு இடங்களுக்கிடையே நேர் தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். இன்றைய ஜெட் விமானத்துக்கு அது ஏழு மணித்தியாலத்துக்கு உட்பட்ட தூரம். அன்று அந்தக் கடல் விமானங்களுக்கு ஒரு நாளுக்கும் மேற்பட்ட நேரம் வேண்டியிருந்தது. மிக நீண்ட பறப்பு 32 மணித்தியாலமும் ஒன்பது நிமிடமும் நீடித்தது. ஒரே பயணத்தில் பயணிகள் இரண்டு முறை ஞாயிறு எழக் கண்டார்கள். அதனால் அந்தச் சேவைக்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்ற பெயர் நிலைத்தது. அவர்களுக்கு வழங்கிய சான்றிதழிலும் அந்தப் பெயரே இருந்தது. பிரயாணத்தின் நீளத்தை மணிக்கணக்கால் அல்லாமல் ஞாயிறு எழுந்த கணக்கால் சொன்ன அந்தப் பெயரை நான் பிற்காலத்தில் வாசித்தபோது, எழுவான், படுவான் என்று நிலத்துக்கே பெயரிட்ட எங்கள் முன்னோரை நினைத்துக்கொண்டேன். நான் மறந்துபோனதும் அந்த ஞாயிற்றைத்தான்.

ஆம், நேயர்களே, மூன்றாவது உறுப்பு, கடிகாரம். பூமி இருபத்துநான்கு மணித்தியாலத்தில் முந்நூற்றறுபது பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். இலண்டனிலுள்ள கிறினிச் பூச்சிய நெடுங்கோடு. இலங்கையின் கடிகாரம் கிழக்கு எண்பத்திரண்டரைப் பாகையை ஒட்டி வைக்கப்பட்டது. எண்பத்திரண்டரையை நான்கால் பெருக்கினால் முந்நூற்று முப்பது நிமிடம். அதாவது ஐந்தரை மணித்தியாலம். இலண்டனில் காலை எட்டு மணியாகும்போது, கரடியனாற்றிலே பிற்பகல் ஒன்றரை மணி. இந்தக் கணக்கை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதினேன். மாணவர்களைத் திரும்பத் திரும்பச் செய்வித்தேன். ஆனால், அன்று காலை அந்தத் தாயார் முன்னே நின்றபோது, இலண்டன் கடிகாரத்தின் எட்டு மணியை எங்கள் ஊர் எட்டு மணி என்று எடுத்துக்கொண்டேன். தம்பி இறங்கியிருப்பார் என்று நான் சொன்ன வேளையில் அவர் இன்னும் வானத்திலேதான் இருந்தார். பிழையின் அளவு மிகச் சரியாக ஐந்தரை மணித்தியாலம்.

இதில் வேறு சிக்கல்களும் உண்டு. இங்கிலாந்தில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் ஐப்பசி மாதத்தில் வரும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைப்பார்கள். அக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு நாலரை மணித்தியாலமே. நம் நாட்டிலும், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் பழைய இடத்துக்கே திரும்பிற்று. பழைய நேரமா, புதிய நேரமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட அந்த ஆண்டுகளை உங்களிற் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பயணச்சீட்டில் அச்சிடப்படும் புறப்படும் நேரம், புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம், சேரும் ஊரின் நேரம். குளிர்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு இலண்டனில் ஏறுபவர் பதினொரு மணித்தியாலம் பறந்தால், மறுநாள் பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கட்டுநாயக்காவில் இறங்குவார். சீட்டைப் பார்த்தால் பதினாறரை மணித்தியாலம் போலத் தோன்றும். போகும்போது, பிற்பகல் ஒரு மணிக்கு ஏறுபவர் பதினொன்றரை மணித்தியாலம் பறந்தும், மாலை ஏழு மணிக்கே இலண்டனில் இறங்கிவிடுவார். சீட்டில் அது ஆறு மணித்தியாலம் போலத் தோன்றும். எத்தனை மணித்தியாலப் பயணம் என்று கேட்காதீர்கள். நம் நேரப்படி எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று கேளுங்கள். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றே.

நான்காவது உறுப்பு, தரைவழி. கட்டுநாயக்காவிலிருந்து கரடியனாறு, பறவை பறக்கும் வழியில், ஏறக்குறைய 190 கிலோமீற்றர். தெருவழியோ மலையைச் சுற்றி வருவதால் அதன் ஒன்றரை மடங்கு. கண்டிக்கு ஏறி, அப்பால் பதினெட்டு வளைவுகள் என்று பெயர்பெற்ற தெருவில் மகியங்கனைக்கு இறங்கி, மகாஓயாவையும் புல்லுமலையையும் கடந்து வரவேண்டும். இன்றும் அதற்கு ஏழெட்டு மணித்தியாலம் செல்லும். மழைக்காலத்தில் வெள்ளம் தெருவை மேவினால் அந்தக் கணக்கும் நில்லாது. 8,700 கிலோமீற்றரைப் பதினொரு மணித்தியாலத்தில் தாண்டி வந்தவருக்கு, எஞ்சிய 190 கிலோமீற்றரைத் தாண்ட எட்டு மணித்தியாலம். அதற்கு முன்னே இலண்டனில் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் நேரமும், அங்கே காத்திருக்கும் மூன்று மணித்தியாலமும் இருக்கின்றன. இங்கே இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் நேரமும் இருக்கிறது. அனைத்தையும் கூட்டினால், அந்த வீட்டு வாசலிலிருந்து இந்த வீட்டு வாசலுக்கு இருபத்துநான்கு மணித்தியாலம். அதிலே வானத்திற் கழிவது பாதியினும் குறைவே.

கணக்கு இவ்வளவில் முடிந்துவிட்டதா? இல்லை. ஐந்தாவது உறுப்பு ஒன்று உண்டு. அதனை எந்தப் பயணச்சீட்டிலும் அச்சிடுவதில்லை. அது, புறப்படுவதற்குச் செல்லும் காலம். வேலைத்தலத்தில் விடுமுறை கேட்க வேண்டும். சீட்டுக்குப் பணம் தேட வேண்டும். கடவுச்சீட்டும் அனுமதியும் சரியாயிருக்க வேண்டும். பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும், சித்திரை பிறக்கட்டும், திருவிழாவுக்குப் போவோம் என்று தள்ளிப்போடும் ஆண்டுகளும் இந்தக் கணக்கில் அடங்கும்.

கப்பலில் மூன்று வாரம் சென்ற காலத்தில், போகிறவனும் அறிந்திருந்தான், இருக்கிறவர்களும் அறிந்திருந்தார்கள், இது தூரம் என்பதை. துறைமுகத்தில் விடைபெறும்போதே, இனிக் காண்போமோ காணோமோ என்று சொல்லிப் பிரிந்தார்கள். இன்று பதினொரு மணித்தியாலந்தானே என்கிறோம். நினைத்தால் நாளைக்கே வந்துவிடலாம் என்கிறோம். நாளைக்கே வரக்கூடிய இடம் என்பதனாலேயே இன்று வராமல் இருந்துவிடுகிறோம். விமானத்தின் வேகம் நமக்குத் தந்த பெரிய வசதியும் இதுதான். பெரிய ஏமாற்றமும் இதுதான்.

அன்றிரவு பதினொன்றரை மணிக்கு வந்து இறங்கிய அந்தத் தம்பி என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாயாரைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதார். மறுநாட் காலையில் என் வீட்டுக்கு வந்து, “சேர், அப்பாவை எத்தனை மணிக்குக் கொண்டுபோனீர்கள்?” என்று கேட்டார். “ஆறு மணி இருக்கும், தம்பி” என்றேன். சிறிது நேரம் கணக்குப் பார்த்தார். அவரும் என் வகுப்பில் இருந்து படித்தவரல்லவா? பின்பு மெல்லச் சொன்னார்: “அந்த நேரம் நான் கண்டியில் ஒரு தேநீர்க் கடையில் நின்றேன், சேர். அப்பா எனக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து, தேநீரைக் குடித்து முடிக்காமல் எழுந்து வந்தேன்.”

அதற்குப் பின்னர் நான் ஓய்வு பெறும் வரையில், நெடுங்கோடும் நேரமும் என்ற பாடத்தை வேறு விதமாகவே நடத்தினேன். கரும்பலகையில் இலண்டன் என்றும் கிறினிச் என்றும் எழுதுவதற்கு முன்னர், உங்கள் வீடுகளில் வெளியூர் போனவர்கள் யார், அவர்கள் இருக்கும் ஊரில் இப்போது என்ன நேரம் என்று கேட்டுத் தொடங்கினேன். பிள்ளைகள் தமையனையும் மாமனையும் நினைத்துக் கணக்குச் செய்தார்கள். அவர்களில் ஒருவரும் பின்பு அந்தக் கணக்கிற் பிழை விட்டதாக நான் அறியேன்.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுள் தூரதேசத்தில் பிள்ளைகள் உள்ள பெற்றோரும் இருப்பீர்கள்; ஊரில் பெற்றோரை விட்டுப்போன பிள்ளைகளும் இருப்பீர்கள். இரு சாராருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. ஊரின் தூரத்தை வானில் அளக்காதீர்கள்; வாசலிலிருந்து வாசலுக்கு அளவுங்கள். கடிகாரத்தைப் பார்க்கும்போது அங்கே என்ன நேரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வரவேண்டும் என்று நெஞ்சம் சொல்லும் நாளில், வரக்கூடியவர்கள் புறப்பட்டுவிடுங்கள்.